யார் பிடித்த விளக்கு? வானத்துப் பொருள்களும் உளவுக் கோப்புகளும்

சென்ற வாரம் மாணவர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பி, "ஐயா, இது உண்மையா?" என்று கேட்டிருந்தார். தட்டச்சில் அமைந்த ஒரு பழைய தாளின் படம் அது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 1968 ஏப்ரல் 11 எனத் தேதியிட்ட அறிக்கை. லடாக், சிக்கிம், பூட்டான், நேபாளம் ஆகிய பகுதிகளின் வானில் அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்கள் காணப்பட்டன என்பது அதன் செய்தி. படத்தின் மேல் யாரோ சிவப்பு எழுத்தில், "இமயத்தில் பறக்கும் தட்டு: சி.ஐ.ஏ. ஒப்புதல்" என்று பொறித்திருந்தார்கள்.

"தாள் உண்மையானது, மேலே பொறித்த வாசகம் பிழையானது" என்று அவருக்கு மறுமொழி எழுதினேன். ஆனால் அத்துடன் முடியக்கூடிய செய்தி அன்று இது. ஆகவே இந்த நீண்ட பதிவு. பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

வேற்றுலகத்தார் வந்தார்களா என்ற வினாவுக்குள் நான் நுழையவில்லை. அது வானியலாளரின் துறை. வரலாற்று மாணவனாக நான் கேட்க விரும்புவன மூன்று. வானத்தில் தோன்றிய ஒரு வெளிச்சத்துக்காக உளவுத்துறை ஏன் கோப்புத் திறக்கிறது? அக்கோப்பில் யாருடைய சொல் ஏறுகிறது? அதனை இன்று நாம் எவ்வாறு படிக்க வேண்டும்?

இவ்வினாக்கள் எனக்கு நூலகத்தில் பிறந்தவை அல்ல. நான் பிறந்த கௌதள்ளி, ஹனூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர். எங்கள் கொள்ளேகால வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; பின்னர் மைசூர் மாநிலத்துக்கு மாறி, மைசூரு மாவட்டத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்து, 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குள் வந்தது. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமுமாக வளர்ந்தோம். கேழ்வரகுக் கொல்லையை யானையிடமிருந்தும் காட்டுப்பன்றியிடமிருந்தும் காப்பதற்கு, கதிர் முற்றும் காலத்தில் இரவெல்லாம் பரண்மீது காவல் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் தாத்தா பல ஆண்டுகள் அப்படிக் காவல் இருந்தவர். எந்த மாதத்தில் எந்த விண்மீன் எந்த மலைமுகட்டில் எழும் என்பதை அவர் அறிவார்.

1990களின் தொடக்கம் அது. 1992 மே மாதத்தில் எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ராமாபுரம் காவல் நிலையத்தை வீரப்பன் கும்பல் தாக்கியது. 1993 ஏப்ரலில் பாலாற்றங்கரையில் கண்ணிவெடி வெடித்து 22 பேர் மாண்டனர். இரு மாநிலங்களின் சிறப்பு அதிரடிப்படைகளும் மலையெங்கும் முகாமிட்டிருந்தன. அந்நாளில் ஒரு விடியற்காலை, மலைமுகட்டில் ஒரு வெளிச்சம் நெடுநேரம் அசையாமல் நின்று, பின்னர் மறைந்ததைத் தாத்தா கண்டிருக்கிறார். அதனை வீட்டில் சொன்னவர், என்னைப் பார்த்துக் கூறியது இன்றும் காதில் ஒலிக்கிறது. "மலையில வெளிச்சம் கண்டோம்னு வெளியில பேசாதே கண்ணு. என்ன வெளிச்சம்னு யாரும் கேக்க மாட்டாங்க. யார் பிடிச்ச விளக்குன்னு தான் கேப்பாங்க."

அரசுகளும் வானத்துப் பொருள்களும் என்னும் பொருள் பற்றி அதன்பின் நான் படித்தவை பல. அவை அனைத்தையும் அவருடைய அந்தக் கடைசி வாக்கியத்தின் விரிவுரை என்றே கொள்ளலாம். 'அது என்ன?' என்பது அறிவியலின் வினா. 'அது யாருடையது?' என்பது உளவுத்துறையின் வினா. இரண்டாம் வினாவுக்காக எழுதப்பட்ட கோப்பை முதல் வினாவுக்கான விடையாகப் படிப்பதுதான் சிவப்பு எழுத்துக்காரர் செய்த பிழை.

வானம் அரசின் கவலைக்குரிய பொருளாக மாறியது விமானம் ஆயுதமான பிறகு. தமிழ் நிலம் அப்பாடத்தை 1942 ஏப்ரலில் கற்றது. ஏப்ரல் 5இல் கொழும்பு, 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலை என ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னை நகரமே காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. விளக்கை மறைப்பதும், சங்கொலி கேட்டவுடன் பதுங்குவதும், வானத்து இரைச்சலுக்குச் செவிசாய்ப்பதும் அன்றாடப் பழக்கங்களாயின. மழைக்காகவும் நாள்கோளுக்காகவும் வானத்தைப் பார்த்த மக்களுக்கு, பகைவனுக்காகவும் அண்ணாந்து பார்க்க அரசு கற்றுக்கொடுத்த காலம் அது.

ஐரோப்பாவிலும் இதே பழக்கம் போருக்குப் பின்னர் ஓயவில்லை. 1946இல் சுவீடனின் வானில் சுருட்டு வடிவில் விரையும் பொருள்களைக் கண்டதாக ஏறத்தாழ இரண்டாயிரம் தகவல்கள் வந்தன. 'பேய் ஏவுகணைகள்' என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. சுவீடனின் பாதுகாப்புத் துறை முறையாக விசாரணை நடத்தியது. ஜெர்மனியின் பீனமுண்டே ஏவுகணைத் தளம் அப்போது சோவியத்தின் கையில் இருந்தது. அங்கிருந்து சோவியத் சோதனை செய்கிறதோ என்பதே விசாரணையின் உள்ளே இருந்த அச்சம். வேற்றுக்கோள் என்ற எண்ணத்துக்கு அக்கோப்பில் முதன்மை இல்லை.

1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலைக்கருகே கென்னத் ஆர்னால்டு என்னும் விமானி, வரிசையாகப் பறந்த ஒன்பது பொருள்களைக் கண்டதாகக் கூறினார். 'பறக்கும் தட்டு' என்ற சொல்லை அதன்பின் செய்தித்தாள்கள் உலகெங்கும் பரப்பின. அவ்வாண்டு செப்டம்பரில் விமானப்படைத் தளபதி நேதன் டுவைனிங், இத்தகைய தகவல்களில் உண்மையான ஏதோ ஒன்று இருக்கிறது, முறையாக ஆராய வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். அதன் விளைவாக 1948இல் 'சைன்' திட்டமும், 1949இல் 'கிரட்ஜ்' திட்டமும், 1952இல் 'புளூ புக்' திட்டமும் தோன்றின. பிரிட்டனும் பின்தங்கவில்லை. அறிவியலாளர் ஹென்றி டிசார்டின் முன்முயற்சியால் 1950இல் அமைந்த பறக்கும் தட்டுப் பணிக்குழு, தன் அறிக்கையை 1951இல் அளித்தது. இவையெல்லாம் சோவியத் ஒன்றியம் 1949இல் முதல் அணுகுண்டைச் சோதித்த ஆண்டுகளை ஒட்டி நிகழ்ந்தவை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சி.ஐ.ஏ. இத்துறையில் தீவிரமாக இறங்கியது 1952 ஜூலைக்குப் பிறகு. அம்மாதம் அடுத்தடுத்த இரு வார இறுதிகளில் வாஷிங்டன் விமான நிலைய ரேடார்த் திரைகளில் அறியப்படாத புள்ளிகள் தோன்றின. போர் விமானங்கள் எழுந்து தேடின. காற்றடுக்குகளின் வெப்பநிலை மாறுபாட்டால் ரேடார் ஏமாந்திருக்கலாம் என்று ஜூலை 29இல் தளபதி ஜான் சாம்ஃபோர்டு செய்தியாளர்களுக்கு விளக்கினார். சி.ஐ.ஏ.வின் அறிவியல் உளவுப் பிரிவுத் தலைவர் மார்ஷல் சாட்வெல் அவ்வாண்டு தம் இயக்குநருக்கு எழுதிய குறிப்புகளில் இரண்டு இடர்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, மக்களிடம் பீதி பரவக்கூடும். மற்றொன்று, தகவல்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தால், உண்மையான சோவியத் விமானம் வரும் நாளில் எச்சரிக்கை அமைப்பே திணறிப் போகக்கூடும்.

இரண்டாம் இடரைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அங்கே அச்சம் தந்தது வானத்துப் பொருள் அன்று; அதைப் பற்றிய பேச்சு. தொலைபேசி வழி வந்து குவியும் குடிமக்களின் சொற்களே பாதுகாப்புக்கு ஊறாகக் கருதப்பட்டன. 1953 ஜனவரியில் இயற்பியலாளர் எச். பி. ராபர்ட்சன் தலைமையில் கூடிய அறிஞர் குழுவும் அதே திசையில் சென்றது. லூயி ஆல்வரெஸ் போன்ற பேரறிஞர்கள் அதில் இருந்தனர். இப்பொருள்களால் நாட்டுக்கு நேரடி ஆபத்து இருப்பதற்குச் சான்றில்லை என்று குழு முடிவு செய்தது. கூடவே, மக்களுக்கு இவற்றின் மீதுள்ள மயக்கத்தைக் கல்வியாலும் ஊடகங்களாலும் தெளிவிக்க வேண்டும், தனியார் ஆர்வலர் சங்கங்களைக் கவனித்து வரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. வானத்தைப் பார்க்கத் தொடங்கிய அரசு, வானத்தைப் பார்க்கும் மக்களைப் பார்க்கத் தொடங்கிய இடம் இது.

இந்தியா இக்கோப்புகளுக்குள் எவ்வாறு வந்தது? அறியத்தக்க முதல் நிகழ்ச்சி டெல்லியில் நடந்தது. 1951 மார்ச் 15, காலை 10:20. டெல்லி விமானப் பயிற்சிச் சங்கத்தைச் சேர்ந்த 25 பேர், உலோகத் தோற்றமுடைய சுருட்டு வடிவப் பொருள் ஒன்றை ஏழு நிமிடங்கள் கண்டனர். சங்கத்தின் தலைமை விமானப் பொறியாளரும் அவருடைய உதவியாளர் இருவரும் அவர்களுள் அடங்குவர். வெண்ணிறப் புகை விட்டுச் சென்ற அப்பொருள், வேகம் கூட்டியபோது கரும்புகை விட்டதென்றும், பெரிய வளையமிட்டுத் திரும்பியதென்றும் கூறினர். புளூ புக் திட்டம் 1969 டிசம்பரில் மூடப்பட்டபோது அதன் கணக்கில் 12,618 நிகழ்ச்சிகள் இருந்தன. அவற்றுள் 701 மட்டும் 'அடையாளம் காணப்படாதவை' என்று எஞ்சின. அந்த எஞ்சிய பட்டியலில் டெல்லி நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

இரண்டாம் நிகழ்ச்சி 1954 செப்டம்பர் 15 மாலை, அன்றைய பீகாரின் மான்பூம் மாவட்டத்தில். கடோரி, போர்சா, மங்கல்தா ஆகிய மூன்று ஊர்களைச் சேர்ந்த ஏறத்தாழ 800 பேர், பன்னிரண்டு அடி விட்டமுள்ள சாம்பல் நிறத் தட்டு ஒன்று தாழ இறங்கி, அந்தரத்தில் நின்று, பின்னர் விரைந்து மேலெழுந்ததைக் கண்டதாக அக்காலச் செய்திகள் கூறின. கடோரிச் சுரங்கத்திலிருந்து அணுசக்திப் பணிக்காகப் பெரில் என்னும் கனிமம் அனுப்பப்பட்டு வந்தது என்னும் குறிப்பும் அச்செய்திகளோடு சேர்ந்தே பயணம் செய்தது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இருபத்தைந்து பேரின் சொல் கோப்பில் நின்றது. எண்ணூறு பேரின் சொல் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. காரணம் வானத்தில் இல்லை. புளூ புக் முறையில், 'அடையாளம் காணப்படாதது' என்ற தகுதியைப் பெறுவதற்கே போதிய விவரம் வேண்டும்: நேரம், கோணம், வேகம், கால அளவு. அவ்விவரம் இல்லாதவை 'தகவல் போதாதவை' என்று வேறு அறையில் போடப்பட்டன. விமானத்தின் மொழி தெரிந்த பொறியாளர் சொன்னால் அது தரவு. வயலிலும் சுரங்கத்திலும் நின்றவர் சொன்னால் அது செய்தித்தாள் வியப்பு. ஆக, 'அடையாளம் காணப்படாதது' என்பதைப் பொருளின் இயல்பாகக் கொள்வதற்கில்லை. அது கோப்பின் நிலை. ஓரளவு சாட்சியின் சமூக நிலையும் ஆகும்.

மான்பூம் செய்தியில் ஒட்டிக்கொண்ட அந்தக் கனிமக் குறிப்பையும் தள்ளிவிட இயலாது. சி.ஐ.ஏ. 1952 ஆகஸ்டில் வெளிநாட்டுச் செய்தித்தாள்களிலிருந்து மொழிபெயர்த்துத் தொகுத்த அறிக்கைகளுள் ஒன்று, பெல்ஜியக் காங்கோவின் யுரேனியச் சுரங்கங்களுக்கு மேல் இரண்டு தீத்தட்டுகள் பறந்ததைப் பேசுகிறது. அதன் மூலம் வியன்னா நகரச் செய்தித்தாள் ஒன்று. காங்கோவிலிருந்துதான் முதல் அணுகுண்டுகளுக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி கிடைத்தது. நம் நாட்டிலும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட் மீது வல்லரசுகளுக்கு நாட்டம் இருந்தது; விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலேயே அதன் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. சுரங்கத்துக்கு மேல் வெளிச்சம் என்ற செய்தியைப் படிக்கும் உளவு அலுவலரின் கண் வெளிச்சத்தைவிடச் சுரங்கத்தின் மீதே நிலைத்திருக்கும் என்று கருத இடமுண்டு.

இன்னொரு தற்செயல் ஒற்றுமை என்னை நெகிழச் செய்தது. மொழிப் போராட்டம் கண்ட மான்பூமின் புருலியாப் பகுதி பீகாரிலிருந்து மேற்கு வங்கத்துக்கு மாறிய நாள் 1956 நவம்பர் 1. எங்கள் கொள்ளேகால வட்டம் சென்னையிலிருந்து மைசூருக்கு மாறியதும் அதே நாளில்தான். எல்லை நகரும் நிலங்களில் வாழ்வோரின் சொல், எந்த அலுவலகத்தில் எந்த மொழியில் பதிவாகும் என்பதே உறுதியில்லாத காலம் அது.

அரசுகளே வானத்தில் மறைபொருளை ஏற்றிய காலமும் விரைவில் வந்தது. 1955 ஆகஸ்டில் யு-2 உளவு விமானம் முதன்முதலாகப் பறந்தது. பயணிகள் விமானங்கள் எட்டாத உயரத்தில், மாலை வெயிலில் ஒளிர்ந்து சென்ற அவ்விமானத்தைக் கண்டவர்கள் பறக்கும் தட்டு என்று தகவல் தந்தனர். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த தகவல்களில் பாதிக்கு மேல் இத்தகைய உளவு விமானங்களால் விளைந்தவை என்று சி.ஐ.ஏ.வின் வரலாற்றாசிரியர் ஜெரால்டு ஹெயின்ஸ் 1997இல் எழுதினார். அம்மதிப்பீடு மிகையானது என்று மறுப்போரும் உளர். ஆயினும் விடை தெரிந்தும் சொல்ல முடியாத நிலையில் அலுவலர்கள் இருந்தனர் என்பது தெளிவு. பொதுமக்களுக்குப் 'பனித்துகள்', 'வெப்பநிலை மாறுபாடு' என்ற விளக்கங்கள் தரப்பட்டன. இன்று அரசு தரும் எந்த விளக்கத்தையும் பலர் நம்ப மறுப்பதன் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

இந்தியாவும் இதில் பங்கேற்றது. 1962 போரின் தோல்விக்குப் பிறகு, சீன எல்லையைப் படம்பிடிக்க யு-2 விமானங்களுக்கு இந்தியா இசைவு தந்தது. ஒடிசாவின் சார்பாத்தியா தளத்தைப் பயன்படுத்த 1963 ஜூனில் நேரு ஒப்புதல் அளித்தார். அங்கிருந்து முதற்பயணம் 1964 மே 24இல் நிகழ்ந்தது. மூன்று நாளில் நேரு மறைந்தார். இச்செய்தி பொதுவெளிக்கு முழுமையாக வந்தது 2013இல், சி.ஐ.ஏ. தன் யு-2 வரலாற்றைத் திறந்து வைத்தபோது. 1964இல் ஒடிசாவின் உழவர் ஒருவர் வயலில் நின்று உச்சிவானில் மின்னும் பொருள் ஒன்றைக் கண்டிருந்தால், அது அவருக்கு அடையாளம் தெரியாத பொருளே. அவருடைய அரசுக்கு அது நன்கு தெரிந்த பொருள்.

இனி, மாணவர் அனுப்பிய 1968ஆம் ஆண்டுத் தாளுக்கு வருவோம். அவ்வறிக்கை பிப்ரவரி, மார்ச் மாதங்களின் நிகழ்ச்சிகளை அடுக்குகிறது. பிப்ரவரி 19இல் சிக்கிமின் லாச்சுங், லாச்சென், தாங்கு முதலிய இடங்களிலும் வடகிழக்கு நேபாளத்திலும் ஒளிரும் பொருள் ஒன்றும் இடியோசையும். பிப்ரவரி 21இல் பூட்டானின் திம்புவுக்கு மேல் ஓசையின்றி விரைந்த நீல ஒளி. மார்ச் 4இல் லடாக்கின் சாங் லா, ஃபுக்சே, கோயுல் ஆகிய இடங்களில் வெள்ளொளியும் வெடியோசையும், பின்னர்ச் செவ்வொளியும் வெண்புகையும். மார்ச் 25இல் நேபாளத்தின் கஸ்கிப் பகுதியில் எரிந்துகொண்டே சென்று சிதறிய பொருள்; பள்ளம் ஒன்றில் ஆறடி அடிப்பாகமும் நாலடி உயரமும் கொண்ட உலோகத் தட்டு.

இடப்பெயர்களை மட்டும் தனியே எழுதி, ஒரு நிலப்படத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை சீன எல்லையை ஒட்டிய கணவாய்களும் காவல்முனைகளும் ஆகும். பின்னர் ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். சீனா 1964 அக்டோபர் 16இல் லோப் நோர் பாலையில் அணுகுண்டையும், 1967 ஜூன் 17இல் ஹைட்ரஜன் குண்டையும் சோதித்திருந்தது. 1967 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிக்கிமின் நாது லாவிலும் சோ லாவிலும் இந்திய சீனப் படைகள் மோதின. அவ்வளவும் நடந்த ஐந்தாம் ஆறாம் மாதங்களில், அதே மலைத்தொடரில், வெளிச்சமும் வெடியோசையும் என்று ஒரு செய்தி வந்தால், எந்த உளவு நிறுவனம் அதைக் குறிக்காமல் விடும்? சீன ஏவுகணையோ, சோவியத் விண்கலச் சிதைவோ என்பதே அங்கு எழுந்திருக்கக்கூடிய வினா.

விண்கலச் சிதைவு என்பது கற்பனை ஐயமும் அன்று. விண்ணிலிருந்து விழும் அயல்நாட்டுப் பொருள்களைத் தேடிப் பெறுவதற்கென்றே 'மூன் டஸ்ட்' என்ற பெயரில் அமெரிக்க விமானப்படை ஒரு திட்டம் வைத்திருந்தது. நேபாளத்தில் விழுந்த துண்டுகள் பற்றி அவ்வாண்டு காத்மாண்டுவின் அமெரிக்கத் தூதரகம் அத்திட்டப் பெயரில் தகவல் அனுப்பியது. எங்கே விழுந்தாலும் விண்பொருளை ஏவிய நாட்டிடம் திருப்பித் தரவேண்டும் என்று வகுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்ட நாள் 1968 ஏப்ரல் 22. நம் கையிலுள்ள தாள் எழுதப்பட்டுப் பதினொரு நாள் கழித்து. பள்ளத்தில் கிடந்த அந்த உலோகத் தட்டு 'யாருடையது?' என்பது, அப்போது சட்டத்தின் வினாவாகவும் மாறிக்கொண்டிருந்தது.

அன்றியும், இவ்வகைத் தகவலறிக்கைகள், தாம் இறுதியாக மதிப்பிடப்பட்ட உளவு முடிவுகள் அல்ல என்ற எச்சரிக்கையைத் தலைப்பிலேயே தாங்கி வருவது வழக்கம். கேட்டதை எழுதியனுப்புவதே அத்தாளின் பணி. 'ஒப்புதல்' என்ற சொல்லுக்கு அங்கு இடமே இல்லை. ஒரு நீதிமன்றத்தில் பதிவான முறையீட்டைத் தீர்ப்பு என்று அச்சிடுவது போன்றது, அத்தாளைச் சான்றாகக் காட்டுவது.

இவ்வரலாற்றின் அண்மைக்கால இயலும் அதே லடாக்கில்தான் எழுதப்பட்டது. 2012 ஆகஸ்டிலிருந்து பாங்காங் ஏரிப் பகுதியின் இந்தியப் படைவீரர்கள், எல்லைக்கு அப்பாலிருந்து ஒளிரும் பொருள்கள் எழுந்து வானில் நகர்வதைக் கண்டு குறித்தனர். 2013 பிப்ரவரிக்குள் அத்தகைய பதிவுகள் 329 சேர்ந்தன. சீனாவின் ஆளில்லா விமானங்கள் என்ற ஐயம் வலுத்தது. இறுதியில் பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிஞர்களிடம் வினா சென்றது. அவர்கள் நேரத்தையும் திசையையும் கோணத்தையும் கணக்கிட்டு விடை சொன்னார்கள்: ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன். உயர்ந்த மலைநாட்டின் தெளிந்த, மெலிந்த காற்றில் கோள்கள் வழக்கத்தினும் பேரொளியோடு தோன்றியிருக்கின்றன.

இதனைக் கேட்டுப் பலர் நகைத்தனர். நான் நகைக்கமாட்டேன். பனியில் உறக்கமின்றி நின்ற வீரர்கள் கண்டதைக் கண்டபடி, தேதியும் நேரமும் இட்டுக் குறித்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு நேர்மையாக இருந்ததால்தான் கணக்கு இயன்றது. பிழை கண்ணில் நேரவில்லை, 'யாருடையது?' என்ற வினா 'என்ன?' என்ற வினாவை ஆறு திங்கள் முந்திக்கொண்டதில் நேர்ந்தது. விடை சொன்ன நிறுவனத்தின் மரபு 1780களில் சென்னையில் வில்லியம் பெட்ரி அமைத்த தனியார் வான்நோக்கு நிலையத்திலிருந்து தொடங்கி, 1899இல் கொடைக்கானல் வழியாக வருவது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். வானத்தைப் பகையின்றிப் பார்ப்பதற்கு நம் மண்ணிலும் இருநூறாண்டு கடந்த ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு இதிலிருந்து நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. இரகசியம் நீங்கிய ஒரு தாள் கையில் கிடைத்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நில்லாதீர்கள். கண்டவர் யார், கேட்டு எழுதியவர் யார், அதைக் கோப்பில் சேர்த்த அலுவலகம் அவ்வாண்டு எதற்கு அஞ்சிக்கொண்டிருந்தது என்ற மூன்றையும் கேளுங்கள். மறைத்து வைத்திருந்தார்கள் என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. அரசு மறுத்தது என்பதாலேயே பொய்யாகியும் விடாது. யு-2 அதற்குச் சான்று.

கோப்பில் ஏறாத சொல்லையும் தேடுங்கள். மான்பூமின் எண்ணூறு பேரில் எத்தனை பேரிடம் யார் பேசினார்கள்? இமயத்துக் காவல்முனைகளைச் சூழ்ந்த மேய்ப்பர்கள் என்ன கண்டார்கள்? எங்கள் மலையடி ஊர்களில், கண்டதைச் சொன்னால் விளக்குக்கு உரியவனைக் காட்டச் சொல்வார்கள் என்று அஞ்சி எத்தனை பேர் வாயடைத்திருந்தார்கள்? அரசு ஆவணம் பேசுவோரின் குரலைத்தான் பதிவுசெய்யும். அஞ்சி அடங்கியோரின் மௌனத்தைப் பதிவு செய்வது நம் பணி.

என் தாத்தா கண்டது எதுவென்று இன்று சொல்ல வழியில்லை. தேதி குறித்து வைக்கப்படவில்லை. வெள்ளியாக இருந்திருக்கலாம், காட்டில் யாரோ மூட்டிய நெருப்பாகவும் இருந்திருக்கலாம். விண்மீன்களின் இடமறிந்த மனிதர் அவர். கோளைக் கோளென்று அறியாமல் இருந்திருப்பாரா என்ற ஐயமும் எனக்கு உண்டு. அச்சமின்றி அவர் அதைச் சொல்லவும், எவரேனும் நாளும் நேரமும் கேட்டு எழுதிக்கொள்ளவும் முடிந்திருந்தால், விடை கிடைத்திருக்கும். பரணிலிருந்து அவர் கண்டது எந்தக் கோப்பிலும் இல்லை. இப்பதிவில் மட்டும் இருக்கட்டும்.